அறுபத்து மூன்றாம் நம்பர்

மார்ச் 2

அக்காவுக்கு,

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கீழே இறங்கினால்தான் இங்கே சிக்னல் கிடைக்கும். அப்படியே கிடைத்தாலும் நான் பாதி சொல்வதற்குள் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஜீப்காரர் வாரத்துக்கு இரண்டு முறை தபால் எடுத்துப் போகிறார். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

போன வியாழக்கிழமை பாறைப் பாதையில் ஒருவருக்கு அடிபட்டுவிட்டது. அந்தப் பாதையைப் பற்றி உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. பள்ளத்தாக்கின் கிழக்குச் சுவரில், ஆற்றுக்கு முந்நூறு அடி மேலே, நூறு வருஷத்துக்கு முன்னால் செம்புச் சுரங்கத்துக்குப் போவதற்காக வெட்டியது. சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. பாதையைப் பார்க்கத்தான் இப்போது ஜனங்கள் வருகிறார்கள். சில இடங்களில் ஒரு பாதம் வைக்கிற அகலம்தான் இருக்கும். பாறையில் இரும்பு வடம் அடித்திருக்கிறோம். இடுப்பிலும் தொடையிலும் பெல்ட் மாட்டிக்கொண்டு, அதிலிருக்கிற கொக்கியை வடத்தில் போட்டபடி நடக்க வேண்டும். நீ பதினாறு வருஷமாகத் தைக்கிறாயே, அதே பெல்ட்தான்.

அடிபட்டவர் ஒரு கணக்கு வாத்தியார். மனைவியைப் போட்டோ எடுக்கக் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். அதில் தப்பே இல்லை. சாய்ந்தால் தாங்கத்தானே பெல்ட்? வலது தொடைப் பட்டை பிரிந்துவிட்டது. பட்டை அறுந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தையல் பிரிந்தது அக்கா. ஆள் ஒருபக்கமாகக் கவிழ்ந்து, பாறையில் மோதி, தோள்பட்டை நழுவி, வெறும் இடுப்புப் பட்டையில் தொங்கினார். நானும் இன்னொரு வழிகாட்டியும் இழுத்துப் போட்டோம். "தம்பி, என் கண்ணாடி கீழ விழுந்துடுச்சு" என்பதுதான் அவர் முதலில் சொன்னது. அவர் மனைவி என் சட்டையைப் பிடித்த கையை ரொம்ப நேரம் விடவே இல்லை.

சாயங்காலம் பெல்ட்டைத் திருப்பி லேபிளைப் பார்த்தேன். தேதி ஜனவரி 9. தைத்தவர் எண் 63.

63 யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கம்பெனிக்கு அன்றைக்கே எழுதினேன். பயணிகளுக்குக் கொடுக்கிற பெல்ட்டில் அதே தேதி போட்டவை பன்னிரண்டு இருந்தன. அத்தனையையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டேன். பாதையையும் மூடிவிட்டேன். உன்னிடம் முதலில் கேட்டிருந்தால் நீ எழுத விட்டிருக்க மாட்டாய், நானும் எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பயம்தான்.

உன் ஓணான்

மார்ச் 11

டேய்,

ஓணான் என்று கையெழுத்துப் போட்டுக் கொஞ்சல் வேறா? சின்ன வயசில் நீ சுவர் ஏறியபோதெல்லாம் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றவள் நான். உனக்கு அடிபட்டால் எனக்குத்தான் உதை விழும். அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம்பரைப் போட்டுக் கம்பெனிக்கு எழுதத் தோன்றியிருக்கிறது, பார்.

என்ன நடந்தது தெரியுமா? திங்கட்கிழமை மெஷினில் உட்காரப் போனேன். சூப்பர்வைசர் வந்து "நீங்க கொஞ்ச நாளைக்கு நூல் வெட்டுற மேசைக்குப் போங்கக்கா" என்றாள். நான் தொழில் கற்றுக்கொடுத்த பெண் அவள். நாற்பது பேர் பார்க்க, என் கத்தரியையும் டிபன் டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். நேற்றுச் சேர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறேன்.

என் தையல் பிரியாது. பட்டை மடிப்பில் குறுக்கே அடிக்கிற கெட்டித் தையல்தான் ஆளைத் தாங்குவது. மேல்நூலும் கீழே பாபின் நூலும் ஒன்றையொன்று கவ்வினால்தான் அது தையல். நடுவில் பாபின் தீர்ந்துபோனால் மேலே பார்க்கத் தைத்த மாதிரியே இருக்கும், அடியில் பிடிப்பு இருக்காது. பாபின் தீர்ந்தால் எரிவதற்கு எங்கள் மெஷினில் ஒரு விளக்கு உண்டு. எனக்கு அந்த விளக்கே வேண்டாம். பாபின் தீரும்போது சத்தம் மாறும், காதாலேயே கண்டுபிடித்துவிடுவேன். புதுசாக வருகிறவர்களை என் பக்கத்தில் உட்கார வைத்து "அக்கா காது" என்று வேடிக்கை காட்டுவார்கள்.

நீங்கள் வெயிலில் போட்டிருப்பீர்கள், ஈரத்தில் சுருட்டி வைத்திருப்பீர்கள். மேனேஜரும் அதைத்தான் சொல்கிறார். "ஒரே ஒரு பெல்ட்தானேம்மா, பராமரிப்பு சரியில்லன்னு பதில் போட்டுடலாம். நீ எதையும் ஒத்துக்காத வரைக்கும் யாருக்கும் பிரச்சனை இல்ல" என்றார். அனுப்பின மூட்டையைப் பிரிக்கக்கூட இல்லை.

விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்று ஒரு கடிதம் போடு. இல்லையென்றால் எனக்குத் தம்பி இல்லை.

மார்ச் 17

அக்கா,

போட மாட்டேன்.

பெல்ட் இங்கே வந்து எட்டு வாரம்தான் ஆகிறது. காய்ந்த அறையில், வெயில் படாமல், ஆணியில் தொங்கும். நீ நம்பாவிட்டால் ஆணியைக்கூடப் பிடுங்கி அனுப்புகிறேன்.

இங்கே என் பிழைப்பும் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. சீசன் நேரத்தில் பாதையை மூடியதற்கு விடுதிக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆற்றில் ரப்பர் படகு விடுகிறவன் "ஓணானுக்கு உயரத்தைப் பார்த்தா பயம் வந்துடுச்சு" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறான். வருகிறவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அருவி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காரணம் தெரிகிற வரைக்கும் திறக்க மாட்டேன். வேறு பெல்ட் கையில் இருந்தாலும் திறக்க மாட்டேன். எதனால் பிரிந்தது என்று தெரியாமல் எந்தத் தையலை நம்பி ஆளை ஏற்றுவது?

நான் கேட்பது ஒன்றுதான். ஜனவரி 9 அன்றைக்கு நீ எத்தனை தைத்தாய்? என்னிடம் வந்தது போக மீதி எங்கே? எந்த மலையில், யார் இடுப்பில் இருக்கிறது? உன் மேனேஜர் பூசி மெழுகிவிடுவார். அந்த மீதியில் இன்னொரு வாத்தியார் சாய்வார்.

நீ என்னைத் தம்பி இல்லை என்று சொல்லிக்கொள். ஆனால் ஒரு தரம் வந்து பார். நீ தைக்கிற பொருளை மாட்டிக்கொண்டு ஜனங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று நீ பார்த்ததே இல்லை.

மார்ச் 24

வருகிறேன்.

சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த ஆணியையும் அறையையும் பார்த்து, உங்கள் லட்சணம் என்ன என்று எழுதி வாங்கிக்கொண்டு வரத்தான் வருகிறேன். நாலு நாள் லீவு போட்டாயிற்று. உன் மாமா காபி கடையில் நின்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். "மொட்டை மாடியில துணி காயப்போடவே சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு நடக்கிறவ, மலை ஏறப் போறாளாம்!" உன் மருமகள் மட்டும் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்து, "ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோம்மா, சரியா இருக்கும்" என்றாள்.

பாறைப் பாதையிலும் நடப்பேன். தலை சுற்றினால் சுற்றட்டும். என் பெல்ட்டைக் குறை சொல்கிறவர்கள் முன்னால் அந்த இடத்தில் நின்று காட்டாமல் திரும்ப மாட்டேன். லட்சம் பெல்ட் தைத்தவளுக்கு ஒரு பாதை என்ன பெரிசு?

ஜீப்காரரிடம் சொல்லி வை. மெதுவாக ஓட்டச் சொல்.

ஏப்ரல் 9

தம்பி,

சொல்லாமல் கொள்ளாமல் ஜீப் ஏறி வந்துவிட்டேன். நீ எழுந்து பார்க்கும்போது என் படுக்கை மடித்து வைத்திருந்திருக்கும். கோபத்தில் போனேன் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. உண்மையை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் உன் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜீப் கடைசி வளைவில் திரும்பியதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் அப்படியொரு பாறை நிற்கும், நடுவில் அந்த ஆறு பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஓடும் என்று நீ ஏன்டா ஒரு தரம்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை? கூரை போன சுரங்கக் கூலிகளின் வீடுகளுக்குள் மரம் வளர்ந்திருந்ததை நின்று பார்த்தேன். ஒரு வீட்டில் அடுப்புக் கல் அப்படியே இருந்தது. இதையெல்லாம் பார்க்க ஏன் ஊர் விட்டு ஊர் வருகிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

உன் அறையும் பார்த்தேன். எங்கள் கம்பெனி கோடவுனைவிடச் சுத்தம். அங்கேயே என் வாய் பாதி அடைத்துவிட்டது.

அப்புறம் பாதை. ஒரு பழைய பெல்ட்டை, வேறு யாரோ தைத்ததை, எனக்கு மாட்டிவிட்டாய். நான் உன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு, உன் பெல்ட்டின் பின்வளையத்தைப் பிடித்தபடியே வந்தேன். "கீழ பாக்காத, என் சட்டையைப் பாரு" என்றாய். ஆனால் ஒரு இடத்தில் பார்த்துவிட்டேன். குருவிக் கூட்டம் ஒன்று பறந்து போனது. என் காலுக்குக் கீழே பறந்தது. உன் வளையத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அந்த நிமிஷம் என்னைத் தாங்கியது நாலு அங்குலத் தையல்தான். அதைத் தைத்தவள் அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தாளோ என்று தோன்றியது. லட்சம் தைத்திருக்கிறேன், ஒரு நாளும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

வளைவு தாண்டியதும் நீ ஒரு படியைக் காட்டினாய். பாதி வெட்டி நிறுத்திய படி, விரிசல் விட்டது. அந்தக் காலத்தில் வெட்டியவன் அதைக் கல்லும் மண்ணும் போட்டு நிரவிவிட்டுப் போகாமல், அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுசாக இன்னொன்று வெட்டியிருக்கிறான். இரண்டு படிக்கும் பக்கத்தில் அவன் குழுவின் குறி. "மேஸ்திரி வந்து அளந்தா அன்னைக்கு வேலை பாதிதான் கணக்குல வரும்னு தெரிஞ்சும் மறைக்காம விட்டிருக்கான்கா" என்று நீ பயணிகளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாய். உனக்கு ஒன்றும் தெரியாது. நான் அங்கேயே செத்துவிட்டேன்.

ஜனவரி 9 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மார்ச் மாதமே நினைவிருந்தது. மென்று முழுங்கினேன். அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை என் ஜன்னலுக்கு வெளியே வைத்து ஓட்டினார்கள். என் மெஷின் விளக்கோ டிசம்பரிலேயே போய்விட்டது, மாற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை. காது இருக்கிறதே! அந்த இரைச்சலில் சத்தம் மாறியது கேட்கவில்லை. தையல் பாதியில் பாபின் தீர்ந்துபோவதும், பெல்ட்டைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரிவதுமாக இருந்தது. விதிப்படி முழுசாகப் பிரித்துப் பட்டையையே மாற்ற வேண்டும். ஏனென்றால் ஊசி ஏறிய ஓட்டையிலேயே இன்னொரு முறை ஏறினால் பட்டை நைந்துவிடும். மாற்றினால் ஒவ்வொன்றும் என் பெயரில் கழிவாகப் பதிவாகும். பதினாறு வருஷத்தில் என் பெயரில் கழிவே இல்லை. அதனால் விட்ட இடத்திலிருந்து ஒட்டி அடித்தேன். மேலே பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆறு முறை இருக்கும், ஏழு முறையும் இருக்கலாம். அன்றைக்குத் தைத்தது நாற்பத்தொன்று. எதெது என்று எனக்கே தெரியாது.

நேற்று மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, "இது வேணாம்மா, எடுத்துக்கிட்டுப் போ" என்றார். எடுக்கவில்லை. "நாற்பத்தொண்ணும் திரும்ப வரணும் சார். நீங்க திருப்பிக் கேக்கலன்னா நானே ஒவ்வொருத்தருக்கும் எழுதுவேன்" என்றேன். பாறையில் நின்றதைவிட அங்கே நின்றதுதான் கஷ்டம்.

அந்த வாத்தியாருக்கும் எழுதியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் விலாசத்தை உன் நோட்டிலிருந்து எடுத்தேன்.

அக்கா

ஏப்ரல் 15

அக்கா,

உன் கடிதத்தை ஆற்றங்கரையில் உட்கார்ந்து மூன்று தரம் படித்தேன். நீ போன அன்றைக்கு உன்மேல் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தால் ஆள் இல்லை. ஜீப்காரர் திரும்பி வந்து, "உங்கக்கா வழி முழுக்கக் கண்ணைத் துடைச்சிக்கிட்டே வந்தாங்க. என்னடா சொன்ன அவங்கள?" என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

நீ ஒத்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். வீட்டில் கண்ணாடி உடைத்தால் பூனைமேல் பழி போட்டவள் நீ. நம் வீட்டில் பூனையே கிடையாது.

வாத்தியார் உனக்குப் பதில் எழுதியிருக்கிறாராம், எனக்கும் ஒரு வரி போட்டிருந்தார். கையைத் தூக்க முடிகிறதாம். பாதை திறந்ததும் வந்து மீதியை நடந்து முடிப்பாராம். அந்த அம்மா வர மாட்டாராம்.

உன்னை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்? வேலை இருக்கிறதா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

ஓணான்

மே 6

தம்பி,

வேலை இருக்கிறது. செப்டம்பர் வரை நூல் வெட்டுகிற மேசை, அதற்கப்புறம் திரும்பவும் பரீட்சை வைத்துத்தான் மெஷின். 63 இப்போது யாருக்கும் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் முதுகு வலிக்கிறது, மற்றபடி நன்றாகத் தூங்குகிறேன்.

கம்பெனி கடைசியில் பெல்ட்டையெல்லாம் திருப்பிக் கேட்டுவிட்டது. ஆறு இடத்துக்குக் கடிதம் போனது. பதில் வராத இரண்டு இடத்துக்கு நானே சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டேன். ஒருவன் "இப்ப டூர் போயிட்டிருக்கு, அடுத்த மாசம் அனுப்புறேன்" என்றான். "இப்பவே கழட்டுங்க, கழட்டின சத்தம் எனக்குக் கேக்கணும்" என்று லைனிலேயே நின்றேன். வந்ததையெல்லாம் இழுவை மெஷினில் போட்டுப் பார்த்தார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். வாத்தியாருடையதையும் சேர்த்து ஆறு பழுது. நாற்பது வந்துவிட்டது.

ஒன்று வரவில்லை.

கோடவுன் புத்தகத்தை நானே புரட்டினேன். உன் பள்ளத்தாக்குக்குப் போனது பன்னிரண்டு இல்லை, பதிமூன்று. வரிசை எண் 27 எங்கேடா?

மே 12

அக்கா,

27 என் இடுப்பில் இருக்கிறது.

ஜனவரியில் பெட்டியைப் பிரித்தபோது பதிமூன்றிலும் 63 இருந்தது. ஒன்றை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். இங்கே எல்லோரிடமும் லேபிளைக் காட்டி, "எங்கக்கா தைச்சது" என்று பீற்றிக்கொண்டேன். மற்றதையெல்லாம் அனுப்பினபோது இதை அனுப்ப மனசு வரவில்லை. தினமும் காலையில் தடவிப் பார்ப்பேன், நன்றாகத்தான் இருந்தது. உன் மேல் இருந்த கோபத்தில்கூட இதைக் கழற்றவில்லை. பயணிகளுக்குத்தானே பாதையை மூடினேன், வடத்தைச் சரிபார்க்க நான் மட்டும் தினமும் போய் வந்தேன். நீ பிடித்துக்கொண்டு நடந்ததும் இதே வளையத்தைத்தான்.

நீ எழுதிக் கொடுத்த பிறகும் மாட்டினேன். ஆறு பழுதும் அந்த நாற்பதிலேயே இருந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் சட்டம் பேசினவன் நான். திட்டு.

பார்சலில் வைத்திருக்கிறேன்.

ஓணான்

மே 20

டேய் தம்பி,

பார்சல் நேற்று வந்தது. மேனேஜரைக் கேட்டு, 27-ஐ நானே அந்த இழுவை மெஷினில் மாட்டி, நானே பிடியைத் திருப்பினேன். ஆயிரத்து ஐந்நூறு கிலோ வரை அசையக் கூடாது. முந்நூறைத் தொடும் முன்பே இடது தொடைத் தையல் பட்பட்டென்று பிரிந்து பட்டை கையோடு வந்துவிட்டது. ஒரு ஆள் நாலடி சறுக்கி விழுந்தாலே அதைவிட அதிக இழுவை வரும். அதுதான் ஏழாவது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். ஹால் முழுக்கப் பார்த்தது, பார்க்கட்டும். நான்கு மாதம் அதை மாட்டிக்கொண்டு முந்நூறு அடி உயரத்தில் திரிந்திருக்கிறாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். உன்னை அறைய வேண்டும் போல இருக்கிறது. நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு பக்கம் சிரிப்பும் வருகிறது. சூப்பர்வைசர் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நாற்பத்தொன்றும் வந்தாயிற்று. காரணமும் தெரிந்தாயிற்று. பாதையைத் திற. விடுதிக்காரர் பேசட்டும், படகுக்காரன் வாயை மூடட்டும்.

இதோடு புது பெல்ட் ஒன்று அனுப்புகிறேன். லேபிளைப் புரட்டி 63-ஐத் தேடாதே. என் பழைய மெஷினில் இப்போது உட்கார்கிற பெண் தைத்தது, எண் 88. அந்த மெஷினுக்கு விளக்கும் மாற்றிவிட்டார்கள். அவளை எனக்குப் பழக்கமே இல்லை, உனக்கும் அவள் யாரோ. அதனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தையலையும் சந்தேகப்பட்டு, திருப்பிப் பார்த்து, இழுத்துப் பார்த்து மாட்டுவாய்.

செப்டம்பரில் பரீட்சை எழுதி மெஷினுக்குத் திரும்பிவிடுவேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஊருக்கெல்லாம் தைப்பேன். உனக்கு மட்டும் தைக்க மாட்டேன்.

அக்கா